கதவுப் பக்கக் கட்டில்

ஹலோ... வணக்கம், கண்ணாடிக் கடையிலேருந்து பேசுறோம்... ஆமாங்க, கண்ணாடிக் கடைதான். உங்களுக்கு ஒரு கூலிங் கிளாஸ் ஆர்டர் இருக்கு, பவர் வச்சது. ரெடியாயிடுச்சு. எப்ப வந்து வாங்கிக்கிறீங்கன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்...

அக்காவா? எந்த அக்கா? இங்க அக்கான்னு யாரும் இல்லைங்களே. நான் இந்தக் கடையில லென்ஸ் வெட்டுறவ... ஆமா... ஆமா... குரல் அப்படித்தான் இருக்கும். உங்க அக்காவுக்கும் இதே குரலோ என்னவோ.

...

சிரிக்காதடி. சிரிக்கிற மாதிரியா நான் பேசுறேன்?

...

யாரு சொன்னாங்களா? உன் நாத்தனார்தான். வேற யாரு சொல்லுவா, நீயா சொல்லுவ? முந்தாநாள் கடைக்கு வந்தாங்க. அவங்களுக்கு ஒரு கூலிங் கிளாஸ், உனக்கு ஒண்ணு. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல எதுக்குங்கன்னு சும்மாதான் கேட்டேன்... இல்ல, துருவல. சத்தியமா துருவல. ஒரே ஒரு கேள்வி. அவங்களா கொட்டிட்டாங்க. நானும் அண்ணியும் கடலுக்குப் போறோம், நாலு நாள், ரூம்லேருந்து பாத்தாலே தண்ணி தெரியும், அது இதுன்னு...

அப்புறம் என்ன அப்புறம். "உங்களுக்குத் தெரியும்ல அக்கா"ன்னு கேட்டாங்க. "தெரியாம என்ன, அவ என்கிட்ட சொல்லாம எதைச் செய்வா"ன்னு சொல்லிட்டு, குனிஞ்சு ஸ்க்ரூ தேடுற மாதிரி தேடினேன். கீழ ஸ்க்ரூவே விழல.

...

ம்.

...

ம், சொல்லு, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்... இரு இரு, ஒரு நிமிஷம். வாங்க ஐயா, உக்காருங்க... ஒரு கால் கழண்டுடுச்சா? ஸ்க்ரூ இருக்கா?... அதைக் கீழ வச்சுடாதீங்க, வச்சா போச்சு, உள்ளங்கையிலேயே இருக்கட்டும். ஒரு கஸ்டமர்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன், முடிச்சுட்டு வந்துடறேன்... ம்? இல்லடி, பஸ் டிரைவர் ஒருத்தர். கண்ணாடியோட கால் கையோட வந்துடுச்சாம். அவரு இருக்கட்டும், நீ பேச்சை மாத்தாத.

...

லீவா? எனக்கு லீவு கிடைக்காதுன்னு நீயே முடிவு பண்ணிட்டியா? நீ என்ன என் முதலாளியா?... கேட்டிருந்தாத்தானே தெரியும். இந்தக் கடையில சேந்ததுலேருந்து ஜுரத்துக்குத் தவிர நான் லீவே போட்டதில்ல. போய் நின்னா அந்த மனுஷனே என் பெட்டியைத் தூக்கிட்டு வந்து வண்டி ஏத்தி விடுவாரு.

...

ஓ. ரெண்டு பேர் ரூமா... ஆமா... ஆமா, ரெண்டு கட்டில்னா ரெண்டு பேர்தான். கணக்கு சரியாத்தான் இருக்கு. நான் ஒரு ஓரமா தரையில படுத்துக்க மாட்டேனா?... சரி. அது பெரிய இடம், தரையில எல்லாம் படுக்க விட மாட்டாங்க. சரி.

...

கோவம் இல்லையே. நான் எதுக்குக் கோவப்படணும்? நீ போற, அவ கூட போற. நல்லா போயிட்டு வாங்க... சரி, அவங்க. அவங்க கூட. மரியாதை குறையல, போதுமா.

இன்னொண்ணு மட்டும் சொல்லு. முதல் நாள் கடல் பக்கமே போகப் போறதில்லையாமே. ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு சத்தம் மட்டும் கேக்கப் போறீங்களாமே... உன் நாத்தனார்தான் சொன்னாங்க. "எங்க அண்ணிக்கு எப்படி ஐடியா வருது பாருங்க"ன்னு பெருமை வேற. அண்ணிக்கு வந்த ஐடியாவாடி அது?

...

பழைய வீட்டுல துணி உலர்த்திக்கிட்டே நான் சொன்னது. பாத்துட்டா அன்னிக்கே தீந்துடும், அதனால முதல் நாள் காதால மட்டும் கேக்கணும், மறுநாள்தான் கண்ணால பாக்கணும்னு. கலங்கரை விளக்கத்துக்குக் காலையில போயிடணும், சாயங்காலம் போனா வெயில் மூஞ்சியில அடிக்கும்னு சொன்னது யாரு? படகுல போனா பெரிய படகுல போகணும், சின்னது ஆகாதுன்னு சொன்னது யாரு? அவங்க ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல எனக்கு அடுத்தது என்னன்னு தெரியுது. வாய்க்கு வந்ததை முழுங்கிட்டு தலையாட்டிக்கிட்டு நிக்கிறேன். நான் அந்த ஊருக்குப் போனதே இல்ல, ஆனா கடற்கரை ரோடு எங்க வளையும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். நாம போறதுக்குன்னு வச்சிருந்த ஊர் அது. அதை அப்படியே தூக்கி அவங்க கையில குடுத்துட்ட.

...

ஆமா, "போகலாம், போகலாம்"னு சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். போகலைதான். அதுக்காக?

...

என்ன ஐயா?... ஆமா, அந்த ஊர்தான்... அந்த ரூட்டு ஓட்டியிருக்கீங்களா?... அப்படியா... ஓஹோ... கேளுடி, டிரைவர் ஐயா சொல்றாரு. காலை வண்டியில போகணுமாம். இடப் பக்க ஜன்னல்ல உக்காரணுமாம், அங்கதான் முதல்ல கடல் தெரியுமாம். பாலத்தைத் தாண்டினதும் ஒரு திருப்பம் வருதாம், அதுல தூங்கிடக் கூடாதாம்... எழுதிக்கிட்டியா? இடப் பக்கம். உன் நாத்தனாருக்கு இது தெரியுமா? தெரியாது. நான் மட்டும் சொல்லலைன்னா ரெண்டு பேரும் வலப் பக்கம் உக்காந்து மண் மேட்டைப் பாத்துக்கிட்டே போயிருப்பீங்க.

...

ஆமா, நான்தான். டிரைவர் சொன்னாலும் என் கடையில உக்காந்துதானே சொன்னாரு.

...

எந்த ஃபோட்டோ?... இங்கேருந்தே அனுப்பிட்டாங்களா? என் கடைக் கண்ணாடி முன்னாடி நின்னு பல்லை இளிச்சுக்கிட்டிருந்தாங்களே, அதா? உனக்குத்தான் அனுப்பினாங்களா... அந்த ஃப்ரேம் நான் எடுத்துக் குடுத்தது... ஆமா, வேணும்னேதான். ஸ்டாக்ல கிடந்ததுலேயே பெருசா, வட்டமா, ஒரு வருஷமா எவரும் தொடாதது. ஆந்தை மாதிரி இருக்கட்டும்னுதான்...

நல்லா இருக்கா?

...

ரொம்ப நல்லாவா. ம். இருக்கும். நீச்சல் சொல்லிக் குடுக்கிறவங்க, தோள்பட்டை அந்த மாதிரி, எதைப் போட்டாலும் எடுப்பாத்தான் இருக்கும். என் நேரம்.

...

ஆமா. பொறாமைதான். இதைக் கேக்க ஒரு கேள்வியா? வயிறு எரியுது. அவங்க அந்தப் பக்கம் போனதும் இந்த மெஷின்ல தண்ணி விட மறந்துட்டு லென்ஸை வச்சு, சூட்டுல அது பாளம் பாளமா வெடிச்சுடுச்சு. இத்தனை வருஷத்துல எனக்கு லென்ஸ் வெடிச்சதே இல்ல. முதலாளி வந்து என் முகத்தைப் பாத்துட்டு ஒண்ணும் கேக்காம போயிட்டாரு.

...

இரு. முக்கியமான விஷயத்துக்கு வரேன்... ஆமா, இப்பதான் வரேன். இவ்வளவு நேரம் பேசினது வேற. ரூம்ல ரெண்டு கட்டில்னு சொன்னியே, கதவுப் பக்கக் கட்டில் யாருக்கு?

...

"அதைப் பாத்துக்கலாம்"னா? போய்ப் பாத்துக்கிற விஷயமா அது? நீ தூக்கத்துல எழுந்து நடக்குறது அவங்களுக்குத் தெரியுமா?

...

சொல்லலையா.

...

சொல்லாமயே கூட்டிட்டுப் போறியா? வெளிய கடல்டி. இங்க நடந்தா வாசல் கேட்டு வரைக்கும் போவ. அங்க நடந்தா எது வரைக்கும் போவ? சின்ன வயசுல ஒரு தரம் ரோட்டோரத்துல போய் நின்னியே, ஞாபகம் இருக்கா? உனக்கு எப்படி இருக்கும். கண்ணு ரெண்டும் திறந்திருக்கு, ஆனா என்னைத் தெரியல உனக்கு. தண்ணி லாரிக்காரர் வண்டியை நிறுத்திட்டு, "யாரு வீட்டுப் புள்ளம்மா"ன்னு கேக்குறாரு. என் உசுரு என்கிட்ட இல்ல. அன்னிலேருந்து எந்த ஊருக்குப் போனாலும் கதவுப் பக்கம் நான். உன் மணிக்கட்டுல ஒரு முனை, என் மணிக்கட்டுல ஒரு முனை. அந்த நீலத் துப்பட்டா இன்னும் என் அலமாரியில மடிச்சு வச்சிருக்கேன். உன் கல்யாணத்துல எல்லாரும் மாப்பிள்ளையை வாழ்த்துறாங்க, நான் போய் அவர் காதுல, "மேல் தாழ்ப்பாள் போட்டுட்டுப் படுங்க"ன்னு சொன்னேன். மனுஷன் முழிச்ச முழியைப் பாக்கணுமே.

...

சிரி. நல்லா சிரி. போனை உன் நாத்தனார்கிட்ட குடு... இல்ல, நான் சண்டை போட மாட்டேன். முடிச்சு எப்படிப் போடணும்னு சொல்லிக் குடுக்கணும். இறுக்கிப் போட்டா உனக்குக் கை மரத்துப் போகும், தளர்த்திப் போட்டா உருவிக்கிட்டுப் போயிடுவ. அதுக்கு ஒரு பக்குவம் இருக்கு. எனக்கு மட்டும்தான் தெரியும், என்ன பண்றது, இப்ப அவங்களுக்கும் சொல்லித்தான் ஆகணும். குடு.

...

வேண்டாமா? ஏன் வேண்டாம்?

...

இப்ப எதுக்கு அதைக் கேக்குற? பேச்சை மாத்தாதன்னு சொன்னேன்ல... பவரா? உன் பவர்தான் வச்சேன். வேற யாரு பவரை வைப்பேன்? அவங்க ஏதோ நம்பர் சொல்ல வந்தாங்க, நான் கையைக் காட்டி நிறுத்திட்டேன். என் தங்கச்சி கண்ணு எனக்குத் தெரியாதா, நீங்க சொல்லித்தான் தெரியணுமான்னு... ஆமா, அதேதான். கல்யாணத்துக்கு முன்னாடியிலேருந்து அதேதானே. உனக்குத்தான் ஏறவே இல்லையே.

...

என்ன?

...

எவ்வளவு?... இன்னொரு தரம் சொல்லு.

...

ரெண்டு கண்ணுமா.

...

யாரு பாத்தா?... எங்க?

...

வேற கடையிலயா?

...

வேற கடையில போய்க் கண்ணைக் காட்டினியாடி நீ?

...

ஆமாங்க மேடம், லென்ஸ் நல்ல லென்ஸ்தாங்க. கீறல் எல்லாம் விழாதுங்க. தாராளமா வந்து பாத்துக்கலாங்க... ம்... ஆமாங்க மேடம்... போயிட்டாரு. முதலாளி. இப்ப சொல்லு. எந்தக் கடை? வாசல்ல பெருசா ஒரு கண்ணு வரைஞ்சு வச்சிருப்பாங்களே, அந்த ஏசி கடையா?... நினைச்சேன். அக்கான்னு ஒருத்தி இங்க பன்னெண்டு மணி வெயில்ல ஃபேன் காத்துல உக்காந்து ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறா, நீ அவளைத் தாண்டிப் போய் ஏசியில உக்காந்து கண்ணைக் காட்டிட்டு வர்ற. என்கிட்ட காட்டினா உன் கண்ணு என்ன, குறைஞ்சா போயிடும்?

...

எப்படி ஏறும்? போன தடவை நான்தானே போர்டு காட்டினேன். கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சியே.

...

மனப்பாடமா?

...

ம்... ம்...

காலேஜ் விட்டு வந்து என் வேலை முடியற வரைக்கும் அந்த பெஞ்சுலதான் உக்காந்திருப்ப, ஆமா. எதிர்ல போர்டு. தினமும் அதையே பாத்தா மனப்பாடம் ஆகத்தான் செய்யும். அதுக்காக? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே? நான் என்ன பரிட்சையா வச்சேன்?

...

நான் அழுதேனா? எப்ப?... முதல் தடவை உனக்குப் பவர் ஏறினப்பவா? அது அழுகை இல்ல, லென்ஸ் தேய்ச்ச தூசி...

சரி. அழுதேன்.

...

டீ வாங்கிக் குடுத்தேனா?... ஆமா, அடுத்த தடவை நீ கடைசி வரியைப் படிச்சதும் கடையில எல்லாருக்கும் வாங்கிக் குடுத்தேன். என் தங்கச்சிக்குப் பவர் ஏறவே இல்லைன்னு... இப்பவும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். யாராவது அம்மா பொண்ணைக் கூட்டிட்டு வந்தா, "என் தங்கச்சியைப் பாருங்க, நான் பாத்துக்கிற மாதிரி பாத்துக்கிட்டா ஏறவே ஏறாது"ன்னு. இந்த டிரைவர் ஐயாகிட்டகூட போன தடவை சொன்னேன். சொன்னேன்ல ஐயா?... பாரு, தலையாட்டுறாரு.

...

அப்ப இத்தனை நாளா எதைப் பாத்துடி ரோட்டைத் தாண்டின?

...

வீட்டுல புதுக் கண்ணாடி போட்டிருக்க. என்னைப் பாக்க வரும்போது மட்டும் பழசைப் போட்டுக்கிட்டு வர்ற.

...

வேண்டாம், சமாதானம் சொல்லாத. இரு.

...

சரி, அவங்க எப்படிக் கண்டுபிடிச்சாங்க? கூடப் பொறந்தவ எனக்குத் தெரியல, கடைக்கு வந்து கண்ணுக்குள்ள லைட்டை அடிச்சுப் பாக்குற டாக்டருக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிற எனக்குத் தெரியல. அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

...

எந்தக் குளம்?... அவங்க வேலை பாக்குற இடத்துலயா? அங்க உனக்கு என்ன வேலை?

...

நீந்துறியா.

...

நீயா?... இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரைக்குமா? பிடிச்சுக்காமயா? ... எவ்வளவு நாளா?

...

ம்.

...

அந்தக் கோடியில சுவர்க் கடிகாரம் மாட்டியிருக்கு, "மணி என்ன அண்ணி"ன்னு கேட்டாங்க, உனக்கு அங்க கடிகாரம் இருக்கிறதே தெரியல. அவ்வளவுதானா? அவ்வளவு சுலபமா? நான் பாரு, உன்கிட்ட மணி கேக்கவே இல்ல. எழுத்துதான் கேட்டேன்.

...

அன்னிக்கே கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாங்களா. ம். அது நல்ல விஷயம்தான். நல்ல விஷயம்தான்னு எனக்குத் தெரியுது. தெரிஞ்சும் எரியுதுடி.

...

கூலிங் கிளாஸுக்கு நீதான் இங்க அனுப்பினியா?... அனுப்பலையா?... அவங்களாவா? "நம்ம அக்கா கடை இருக்கும்போது வேற எங்க போறது"ன்னா சொன்னாங்க?

...

நான் அவங்களுக்கு ஆந்தை ஃப்ரேமை எடுத்துக் குடுத்திருக்கேன்.

...

இல்ல ஐயா, ஒண்ணும் இல்ல. லென்ஸ் தூசி... நீங்களும் சிரிக்காதீங்க. ஸ்க்ரூ இருக்கா? பத்திரம்.

...

இருக்கேன், லைன்லதான் இருக்கேன். ஒண்ணு கேக்கப் போறேன். சுத்தி வளைக்காம சொல்லணும். தூக்கத்துல நடப்பியே... அதுவும் போர்டு மாதிரிதானா? கடைசியா எப்ப நடந்த?

...

ம்.

...

மாப்பிள்ளை வீட்டுல ஒரு தரம்கூட இல்லையா? அப்ப அந்த மேல் தாழ்ப்பாள்?... துருப்பிடிச்சுப் போச்சா. அவரு அதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. எப்பப் பாத்தாலும், "தாழ்ப்பாள் போடுறீங்கல்ல"ன்னு கேப்பேன், "போடாம இருப்பேனா அக்கா"ன்னு சொல்லுவாரு. நல்லாத்தான் சேந்திருக்கீங்க ரெண்டு பேரும்.

...

அப்ப நாம மலைக்குப் போனப்ப?... அப்பவும் நின்னு போயிருந்துச்சா?

அப்புறம் ஏன்டி கையை நீட்டின? நான் பெட்டியிலேருந்து துப்பட்டாவை எடுக்கிறதுக்கு முன்னாடியே நீயா வந்து, "அக்கா, கட்டு"ன்னு நீட்டினியே.

...

நான் தூங்கணும்னா நீட்டின.

...

...

கட்டினதும் அடுத்த நிமிஷமே குறட்டை விட்டேனா. இருக்கும். புது இடத்துல எனக்குத் தூக்கம் வராதுதான். எல்லாம் உன்னாலன்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன்.

...

அன்னிக்கு விடியக்காலையில எல்லாரும் சூரியன் வர்றதைப் பாக்கப் போனாங்களே, நீ தூங்கிட்டேன்னு சொன்னியே... முழிச்சா இருந்த? அவிழ்த்தா நான் எழுந்துடுவேன்னு அப்படியே படுத்துக்கிட்டு கூரையைப் பாத்துக்கிட்டா இருந்த? அவங்க எல்லாரும் திரும்பி வர்ற வரைக்குமா?

...

சொல்லியிருக்கலாம்ல.

...

ஆமா. சொன்னா என் முகம் எப்படி ஆகியிருக்கும்னு எனக்கும் தெரியும். சரி.

...

அப்ப அதனாலதான் இந்தத் தடவை கூப்பிடல. லீவும் இல்ல, ரூமும் இல்ல... பரவாயில்ல, சொல்லு. எனக்கு ஒண்ணும் ஆகாது, நான் உக்காந்துதான் இருக்கேன்.

...

நான் வந்தா நீ கடலைப் பாக்க மாட்டியா?

...

நான் உன்னைப் பாத்துக்கிட்டே இருப்பேன், நீ என்னைப் பாத்துக்கிட்டே இருப்ப. யாரும் கடலைப் பாக்க மாட்டோம். ம்... ம்... ஆமா. கணுக்கால் நனைஞ்சாப் போதும், வான்னு இழுத்துட்டு வந்துடுவேன். ஆமாடி. சரியாத்தான் சொல்ற. சரியா சொல்றதுதான் சங்கடமா இருக்கு.

...

இப்பக் கூப்பிடாத... வேண்டாம்... இல்ல, முறுக்கிக்கல. மூணாவது ஆளா வந்து, பாவம்னு ஒரு கட்டிலைப் போடச் சொல்லி, அதுல நான் படுத்து... வேண்டாம். அவங்க நம்ம அக்கான்னு சொன்னாலும் வேண்டாம். இந்தத் தடவை நீ போ. எனக்குப் பொறாமை இல்லைன்னு சொல்ல மாட்டேன். திரும்பி வர்ற வரைக்கும் இருக்கும். அது பாட்டுக்கு இருக்கட்டும், நீ பாட்டுக்குப் போ.

...

எப்பக் கிளம்புறீங்க?... நாளைக்கே காலையிலயா? அப்ப சாயங்காலம் கடைக்கு வந்துடு. இந்த லென்ஸ் ஆகாது, இதைப் போட்டா உனக்கு எது மணல் எது தண்ணின்னே தெரியாது. வேற வெட்டித் தரேன்... முடியும். இப்ப ஆரம்பிச்சா முடியும். நம்பரை இன்னொரு தரம் சொல்லு... வலது... ம்... இடது... ம். சரி.

...

இல்ல, போர்டு எல்லாம் காட்ட மாட்டேன். அந்த ஏசி கடைக்காரன் சொன்ன நம்பரையே வைக்கிறேன், போதுமா? இதை என் வாயாலேயே சொல்ல வச்சுட்ட பாரு.

வரும்போது புதுசைப் போட்டுக்கிட்டு வா. வாசல்ல வந்து மாத்திக்கிற வேலை வேண்டாம். ரோட்டைத் தாண்டும்போதே போட்டிருக்கணும், நான் கல்லாப் பக்கத்துலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்... சரி, பாக்கல. வேலையைப் பாக்குறேன். நீயா தாண்டி வா.

உன் நாத்தனாரையும் கூட்டிட்டு வா. ஃப்ரேம் மாத்தணும்... தெரியும்டி, அவங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் மாத்தணும். நான் எந்த நினைப்புல எடுத்தேன்னு எனக்குத் தெரியுமே. உள்ள ஒரு ஃப்ரேம் இருக்கு, மெல்லிசா, கறுப்புல. எனக்குன்னு எடுத்து வச்சிருந்தது... ஆமா, கடலுக்குப் போகும்போது போடலாம்னுதான். அதைப் போடட்டும்.

...

அழாதடி. நீ அழுதா எனக்கு... அழாத. கண்ணு வீங்கும், அப்புறம் ஃபிட்டிங் சரியா வராது.

...

இடப் பக்க ஜன்னல், மறந்துடாத. கலங்கரை விளக்கம் காலையில. முதல் நாள் கடலுக்குப் போகாதீங்க... இல்ல. அது உன் இஷ்டம். பெட்டியை வச்சதும் ஓடிப் போய்ப் பாக்கணும்னு தோணிச்சுன்னா ஓடு. முதல் நாளே பாத்தாலும் ஒண்ணும் தீந்துடாது. அவ்வளவு பெரிய கடல், நீ பாத்தா தீந்துடப் போகுது.

...

ஆங், அந்தக் கட்டில். கதவுப் பக்கம் அவங்க படுக்கட்டும்...

இரு. வேண்டாம். கதவுப் பக்கம் நீயே படு.

...

நீதான். விடியக்காலையில எழுந்து போகணும்னா யாரையும் எழுப்பாமப் போகலாம்ல. செருப்பைக் கையில எடுத்துக்கோ, கதவை மெதுவாச் சாத்து. கண்ணாடியை மறந்துடாத. போய் நல்லாப் பாரு. அன்னிக்குப் பாக்காததுக்கும் சேத்துப் பாரு.

...

நானா? தூங்குவேன், எனக்கென்ன. என் வீடு, என் கட்டில்... துப்பட்டாவா? அது அலமாரியில கிடக்கும்.

...

வந்து எல்லாத்தையும் சொல்லணும்... இல்ல, எல்லாத்தையும் சொல்லாத. கொஞ்சமா சொல்லு, எனக்குத் தாங்கற அளவுக்கு.

...

சரி, வை. டிரைவர் ஐயா ஸ்க்ரூவை உள்ளங்கையில வச்சுக்கிட்டு மூச்சு விடாம உக்காந்திருக்காரு... இல்ல, நான் வைக்கல. எப்பவும் நான்தானே பேசி முடிச்சுட்டு வைக்கிறேன். இன்னிக்கு நீ முதல்ல வை... ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்... ம்... ம்... சரிடி, வை.

...

ஹலோ?

...

வச்சுட்டா ஐயா. சொன்ன உடனே வச்சுட்டா.